பழைய ஃபைபர் பாய்மரப் படகின் மேல்தளம் ஊறிப்போனால்: திறந்து, காயவைத்து, திரும்ப மூடும் முழு வழிகாட்டி

மேல்தளத்தில் நடக்கும்போது ஓரிடத்தில் மட்டும் கால் லேசாக அமுங்குகிறது. மழை விட்டு இரண்டு நாள் கழித்தும் ஸ்டான்ஷன் (தள ஓரக் கைப்பிடிக் கம்பியைத் தாங்கும் தூண்) அடியிலிருந்து பழுப்பு நீர் கசிகிறது. கயிறு கட்டும் கொக்கியான கிளீட்டைச் சுற்றிச் சிலந்திவலை மாதிரி நுண்வெடிப்புகள். இவற்றில் ஒன்று தெரிந்தாலே தளத்துக்குள் இருக்கும் கட்டை ஊறிவிட்டது என்று வைத்துக்கொண்டு சோதனையைத் தொடங்கிவிடலாம்.

வேலை நுட்பமானதல்ல. தூசி நிறைந்தது, நாள் பிடிப்பது, அவ்வளவுதான். செய்து முடித்த தளம் சில ஆண்டுகளில் மறுபடி கெட்டால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும்: ஈரம் முழுதாகக் காயும் முன் மூடிவிட்டார்கள், அல்லது தண்ணீர் இறங்கிய துளையைப் பழையபடியே விட்டுவிட்டார்கள். அதனால் கீழே ஒட்டும் வேலையைவிடக் காயவைப்பதற்கும் துளைகளுக்கும் அழுத்தம் கூடுதலாகவே இருக்கும்.

தளத்துக்குள் என்ன இருக்கிறது

பழைய ஃபைபர் படகுகளின் மேல்தளம் ஒரே தகடு அல்ல. மேலே 3 முதல் 5 மி.மீ. கனத்தில் கண்ணாடி இழை ஓடு, கீழே 2 முதல் 3 மி.மீ. ஓடு, நடுவே சுமார் 12 மி.மீ. கனத்தில் இலேசான ஒரு கட்டை. இந்த நடுக்கட்டைதான் கோர். 1959-ல் வந்த பியர்சன் ட்ரைட்டன் போன்ற தொடக்ககால ஃபைபர் படகுகளிலேயே பால்சா என்ற மிக இலேசான மரத்தாலான கோர் உண்டு. வேறு பல படகுகளில் பிளைவுட் சதுரங்களைப் பதித்திருப்பார்கள்.

ஒரு தகட்டின் கனத்தை இரண்டு மடங்காக்கினால் விறைப்பு எட்டு மடங்காகும். எடை கூடாமல் அந்தக் கனத்தைத் தருவதற்காகத்தான் கோர். இரண்டு ஓடுகளும் கோரோடு இறுக ஒட்டியிருக்கும்வரைதான் அவை ஒரே உடம்பாக வேலை செய்யும். கோர் மக்கினாலோ ஒட்டு விட்டாலோ இரண்டு மெல்லிய ஓடுகள் தனித்தனியாக வளையத் தொடங்கும். காலுக்குத் தெரியும் அமுக்கம் அதுதான்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் போல்ட் துளைகளிலிருந்து. ஸ்டான்ஷன் அடித்தட்டு, கிளீட், ஜெனோவா டிராக் (முன்பாயின் கயிற்றுக்கான தண்டவாளம்), செயின்பிளேட் (பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளை மாட்டும் தகடு) புகும் பிளவு, ஹேட்ச் எனப்படும் தளக்கதவின் சட்டம், வென்டிலேட்டர், பாய்மரம் நிற்கும் பீடம். படகு கட்டிய காலத்தில் கோரைத் துளைத்துக்கொண்டே போல்டை இறக்கி, மேலே கொஞ்சம் சீலன்ட் (நீர் புகாமல் அடைக்கும் பசை) வைத்து முடுக்கிவிட்டிருப்பார்கள். சீலன்டின் ஆயுள் முடிந்ததும் ஒவ்வொரு மழையும் உள்ளே இறங்கும். பால்சாவின் இழைகள் செங்குத்தாக நிற்பதால் ஈரம் பக்கவாட்டில் மெதுவாகத்தான் பரவும். பிளைவுட்டில் இழை படுத்திருப்பதால் ஈரம் அடுக்கு வழியே வேகமாக ஓடிவிடும். கட்டையில் ஈரம் 20 சதவீதத்துக்குமேல் நீடித்து நின்றால் மக்கவைக்கும் பூஞ்சைக்குச் சாதகமாகிவிடும்.

எவ்வளவு தூரம் போயிருக்கிறது

முதலில் தட்டிப் பாருங்கள். பிளாஸ்டிக் தலை வைத்த சிறு சுத்தியல் போதும்; ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியும் ஆகும். நல்ல இடம் ‘டக் டக்’ என்று கூராக ஒலிக்கும், பிரிந்த இடம் ‘தொப்’ என்று அடைத்த குரலில் பேசும். 5 செ.மீ.க்கு ஒரு தட்டு என்று வரிசையாகப் போய், எல்லையைத் தளத்தின்மேலேயே பென்சிலால் வரைந்துகொள்ளுங்கள். கீழே தடுப்புச்சுவர் இருக்கும் இடத்தில் ஒலி தானாகவே மாறும், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஊறியும் இன்னும் ஒட்டு விடாத கோர் நல்ல கோரைப் போலவே ஒலிக்கும் என்பதுதான் தட்டிப் பார்ப்பதில் உள்ள பெரிய ஓட்டை. உண்மையான எல்லை பென்சில் கோட்டைவிட எப்போதும் பெரிதாகத்தான் இருக்கும்.

ஈரமானி உதவும், ஆனால் அதன் எண்ணை அப்படியே நம்பக்கூடாது. கீழே அலுமினியத் தகடு இருந்தாலும், முந்தின இரவுப் பனி உலராமல் இருந்தாலும் முள் ஏறிவிடும். ஓரிடத்தோடு இன்னோர் இடத்தை ஒப்பிட மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

தீர்ப்புச் சொல்வது சோதனைத் துளைதான். படகுக்குள்ளிருந்து, கீழ் ஓட்டில் 4 மி.மீ. டிரில்லால் துளையுங்கள். மேல் ஓடு துளைபடாமல் இருக்க, பிட்டில் 10 மி.மீ. தூரத்தில் டேப் சுற்றி நிறுத்துக்குறி வையுங்கள். சுருண்டு வரும் துருவலை உள்ளங்கையில் வாங்கிப் பாருங்கள். வெளிர் நிறத்தில், விரலால் தேய்த்தால் பொடியாக உதிர்ந்தால் நல்ல கட்டை. நிறம் மாறாமல் ஜில்லென்று கையில் ஒட்டினால் ஊறியிருக்கிறது, இன்னும் மக்கவில்லை. காப்பி நிறத்தில் களியாகப் பிட்டில் அப்பிக்கொண்டு புளித்த வாடை அடித்தால் முடிந்தது. சில நேரம் துளையிலிருந்து தண்ணீரே சொட்டும். மக்கிய இடத்திலிருந்து வெளிப்பக்கமாக 10 செ.மீ.க்கு ஒன்றாகத் துளைத்துக்கொண்டே போய், உலர்ந்த துருவல் வரும் இடத்தில் நில்லுங்கள். அதுதான் எல்லை.

ஊசி போட்டு முடித்துவிடலாமா

துளைகள் போட்டு எபோக்சியை (இரு பாகம் கலந்தால் இறுகும் ரெசின்) உள்ளே செலுத்தினால் போதும் என்ற யோசனை எல்லோருக்கும் வரும். ஊறிய கட்டை எபோக்சியை உறிஞ்சாது. துளையைச் சுற்றிக் கொஞ்சம் பரவி நின்றுவிடும், ஈரம் உள்ளேயே சிறைப்படும். கோர் முழுக்க உலர்ந்து, ஒட்டு மட்டும் கையளவு இடத்தில் விட்டிருந்தால் ஊசி சரி. மக்கிய கட்டைக்கு அது வைத்தியமே அல்ல.

மேலிருந்தா, கீழிருந்தா

மேலிருந்து திறப்பதே பெரும்பாலும் நல்லது. புவியீர்ப்பு உங்கள் பக்கம் இருக்கும், கோரின்மேல் எடை வைக்கலாம், ரெசின் முகத்தில் சொட்டாது. அதற்கு விலையாகச் சமன்செய்வதும் பெயின்ட் அடிப்பதும் சேர்ந்துகொள்ளும். மேல்பரப்பு நல்ல நிலையில் இருந்து, உள்கூரைத் தகடுகளைச் சிரமமில்லாமல் கழற்ற முடிந்து, பழுது ஓர் அடி, இரண்டு அடிக்குள் என்றால் மட்டும் கீழிருந்து செய்யலாம். தலைக்குமேல் கிரைண்டர் பிடிப்பதும், ஈரத் துணியைக் கூரையில் ஒட்டுவதும் எப்படி இருக்கும் என்று அரை மணி நேரத்திலேயே தெரிந்துவிடும். இனி சொல்வதெல்லாம் மேலிருந்து திறக்கும் முறைக்கே.

பாய்மரப் பீடத்தையோ செயின்பிளேட் இருக்கும் இடத்தையோ திறப்பதாக இருந்தால் பாய்மரத்தை முதலில் இறக்கிவிட வேண்டும். இதற்குச் சலுகையே கிடையாது.

எந்தக் கோர், எவ்வளவு எபோக்சி

12 மி.மீ. பால்சா (கன மீட்டருக்கு 150 கிலோ வகை) ஒரு சதுர மீட்டர் 1.8 கிலோ எடை. கன மீட்டருக்கு 80 கிலோ அடர்த்தியுள்ள பி.வி.சி. ஃபோம் அதே அளவில் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. மரைன் பிளைவுட் 7 கிலோவைத் தாண்டும். நடக்கும் தளத்துக்கு இன்றும் பால்சா ஒரு குறையும் இல்லாத பொருள். அழுத்தத்தைத் தாங்கும், எபோக்சியோடு நன்றாகப் பிடிக்கும். ஃபோம் மக்காது, ஆனால் போல்ட் முடுக்கினால் நசுங்கும். பிளைவுட்டை விஞ்ச் (கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளை), கிளீட் போன்றவற்றின் அடியில் மட்டும் வைப்பதே உசிதம். பாய்மரப் பீடத்தின் அடியில் இவை எதுவும் வேண்டாம். ஜி10 எனப்படும் கண்ணாடி இழை–எபோக்சிப் பலகையையோ, அடுக்கடுக்காக ஒட்டிய திடமான கண்ணாடி இழையையோ வையுங்கள். எதை வைத்தாலும் கனம் பழைய கோரின் கனமே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மேல் ஓடு பொருந்தாது.

ரெசின் எபோக்சியாக இருக்கட்டும். படகு பாலியெஸ்டரில் கட்டியதுதான், ஆனாலும் காய்ந்து இறுகிய பழைய ஓட்டின்மேல் புதிய பாலியெஸ்டர் எபோக்சி அளவுக்குப் பிடிக்காது.

ஒரு சதுர மீட்டர் பழுதுக்கு, பழைய மேல் ஓட்டையே திரும்ப ஒட்டுவதாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால்: கோருக்குக் கீழே 1.5 மி.மீ. ஒட்டுப்படலம் ஒன்றரை லிட்டர், அதாவது ஏறத்தாழ 1.7 கிலோ. கோருக்கு மேலே இன்னொரு 1.7 கிலோ. பால்சா குடிப்பதற்கு அரைக் கிலோ. ஓர இணைப்புகளுக்கும் விளிம்பு நிரப்பலுக்கும் ஒரு கிலோ. மொத்தம் 5 கிலோ, சேதாரத்துக்கு இன்னும் ஒன்று. புதிய ஓடே கட்டுவதாக இருந்தால் மேல் ஒட்டுப்படலத்துக்குப் பதிலாகத் துணிக்குக் கணக்கிடுங்கள். 1708 என்ற இருகோணக் கண்ணாடி இழைத் துணி சதுர மீட்டருக்குச் சுமார் 860 கிராம். கையால் நனைக்கும்போது துணியின் எடைக்குச் சமமான எடை ரெசின் போகும். ஓர் அடுக்கு காய்ந்தபின் 1.1 மி.மீ. அளவு கனம் தரும்.

இவை தவிர வாங்க வேண்டியவை: ஒட்டுக்கூழைக் கெட்டியாக்க கொலாய்டல் சிலிக்கா, சமன்செய்ய மைக்ரோபலூன் (நுண்ணிய உள்ளீடற்ற மணிகளாலான பொடி), ஈர ரெசின்மேல் விரித்து இறுகியபின் உரித்தெடுக்கும் பீல் பிளை துணி, 4 மி.மீ. பல் வைத்த கரண்டி, அசிட்டோன், நைட்ரைல் கையுறை ஒரு பெட்டி, 40, 80, 120 எண் உப்புத்தாள். மூக்குக்குச் சாதாரணத் துணிமுகமூடி போதாது. கிரைண்டர் ஓடும்போது பி100 தூசி வடிகட்டியும், ரெசின் வேலையில் கரிம ஆவிக்கான வடிகட்டியும் மாட்டிய ரப்பர் முகமூடி வேண்டும். எபோக்சி தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் ஒவ்வாமை வந்துவிடும், வந்தபின் போகாது. கையில் பட்டதை அசிட்டோனால் துடைக்கவே கூடாது, அது ரெசினைத் தோலுக்குள் ஏற்றிவிடும். வினிகராலோ தண்ணீரில்லாக் கைச்சோப்பாலோ எடுத்துவிட்டுக் கழுவுங்கள்.

வெட்டுவதற்கு முன்

தளத்துக்கு மேலே கூடாரம் போடுங்கள். பாதி திறந்த தளத்தில் ஒரு மழை விழுந்தால் இரண்டு வாரம் காயவைத்தது வீண். உலோகச் சாமான்களையெல்லாம் கழற்றி, ஒவ்வொன்றின் இடத்தையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பழைய சிலிகோன் சீலன்ட் இருந்த இடத்தைக் கிரைண்டரைத் தொடுவதற்கு முன்பே சுரண்டித் துடைத்துவிட வேண்டும். அதைச் சேர்த்துத் தேய்த்தால் சிலிகோன் எங்கும் பரவும்; பிறகு பெயின்ட் அந்த இடங்களில் குழிகுழியாக விலகும்.

படகுக்குள் போய்க் கீழ் ஓட்டுக்கு முட்டுக்கொடுங்கள். மேல் ஓட்டை எடுத்தபின் மிஞ்சுவது 2 மி.மீ. தகடு. முட்டு இல்லையென்றால் தொய்ந்துவிடும், தொய்ந்த வடிவத்திலேயே புதிய தளமும் இறுகிவிடும். தளத்தின் வளைவுக்கு ஏற்ப வெட்டிய பலகையை வைத்து, பிளாஸ்டிக் தாள் விரித்து, அரை மீட்டருக்கு ஒரு கால் நிறுத்துங்கள்.

மேல் ஓட்டைத் திறப்பது

வெட்டுக்கோட்டை வழுக்காப் பரப்பின் நடுவே போடாதீர்கள். வழுக்காப் பட்டைகளுக்கு இடையே வழவழப்பான சந்துகள் ஓடும்; கோடு அங்கே போனால் பின்னால் இணைப்பை மறைப்பது எளிது. தளத்தின் வெளி விளிம்பிலிருந்தும் கேபின் சுவரிலிருந்தும் 5 செ.மீ. உள்ளே தள்ளியே வெட்டுங்கள். அந்த விளிம்பில்தான் புதிய இணைப்பு உட்காரப்போகிறது. படகின் அடிப்பகுதியும் தளமும் சேரும் இணைப்பை எக்காரணம் கொண்டும் தொட வேண்டாம். மூலைகளைக் கூராக விடாமல் வளைத்து வெட்டுங்கள், கூர்மூலையிலிருந்துதான் விரிசல் புறப்படும்.

ஆழத்தை நிறுத்தக்கூடிய வட்டரம்பமோ, மெல்லிய வட்டு போட்ட கிரைண்டரோ நேர்க்கோட்டுக்குச் சரி. மூலைகளுக்கு அதிர்வுக் கத்தி. ஒரு போல்ட் துளையில் மேல் ஓட்டின் கனத்தை அளந்து, அதைவிட ஒரு மி.மீ. மட்டும் ஆழம் வையுங்கள். தூசியின் நிறம் வெள்ளையிலிருந்து பழுப்புக்கு மாறினால் ஓட்டைக் கடந்துவிட்டீர்கள்.

தட்டைக் கம்பியை நுழைத்து நெம்பினால் மக்கிய பகுதி பெரிய எதிர்ப்பில்லாமல் எழும். எங்கே ஓடு எழ மறுத்துக் கட்டையைப் பிய்த்துக்கொண்டு வருகிறதோ அங்கே கோர் நல்லது. எடுத்த ஓட்டில் முன்பக்க அம்புக்குறி, எண் எழுதி, சமதரையில் எடை வைத்துப் படுக்கவையுங்கள். சாய்த்து நிறுத்தினால் வளைந்துவிடும்.

எடுப்பது, காயவைப்பது

மக்கியதை உளியால் சுரண்டி எடுப்பதற்கு அரை நாள் போதும். ஊறி, இன்னும் மக்காமல் ஓட்டோடு ஒட்டியிருக்கும் பட்டைகளுக்குத்தான் நேரம். ‘இது நல்லாத்தானே இருக்கு’ என்று விட்டுவைக்க மனம் சொல்லும். நிறம் மாறிய எதையும் விடாதீர்கள். உலர்ந்த, வெளிர் நிறக் கோர் வந்தபின்னும் இன்னொரு 5 செ.மீ. எடுத்துவிடுங்கள். தேவைப்பட்டால் ஓட்டைக் கூடுதலாக வெட்டுங்கள். பெரிய துண்டு போடுவதும் சிறிய துண்டு போடுவதும் ஏறக்குறைய ஒரே உழைப்பு. விளிம்பு ஓட்டின் அடியில் ஒளிந்திருக்கும் கோரை வளைந்த உளியால் 25 மி.மீ. ஆழமாவது குடைந்து எடுக்க வேண்டும்.

பிறகு கீழ் ஓட்டை அசிட்டோனால் துடைத்து, 40 எண் தாளால் பழைய பசையெல்லாம் போகத் தேய்த்து, மறுபடி துடையுங்கள். வரிசை முக்கியம்: துடைக்காமல் தேய்த்தால் அழுக்கு சிராய்ப்புகளுக்குள் இறங்கிவிடும். தேய்த்தபின் பரப்பு எங்கும் மங்கலாக ஒரே மாதிரி இருக்க வேண்டும், பளபளக்கும் தீவுகள் இருந்தால் அங்கே எபோக்சி பிடிக்காது.

மிஞ்சிய கோரின் வெட்டுமுகங்கள் காய வேண்டும். விசிறி, ஈரநீக்கி, கூடாரத்துக்குள் 100 வாட் விளக்கு ஒன்றிரண்டு. சூடு 50 டிகிரிக்குமேல் வேண்டாம், பாலியெஸ்டர் ஓடு இளகித் தொய்யும். அசிட்டோனை ஊற்றி ‘ஈரத்தை இழுக்கும்’ வேலை பலனில்லாதது, விளக்கு எரியும் கூடாரத்தில் ஆபத்தும்கூட.

காய்ந்ததா என்று கையால் தொட்டுச் சொல்ல முடியாது. விளிம்பிலிருந்து ஒரு சிறு துண்டு வெட்டி டிஜிட்டல் தராசில் எடைபோடுங்கள். அதை 100 டிகிரி ஓவனில் வைத்து, எடை இனிக் குறையாது என்னும்வரை உலர்த்தி மறுபடி எடைபோடுங்கள். குறைந்த எடையை உலர் எடையால் வகுத்தால் ஈரத்தின் அளவு வரும். 12 கிராம் 10 கிராமானால் 20 சதவீதம், மூடக்கூடாது. 12 சதவீதத்துக்குக் கீழே வந்தால் மூடலாம். தராசு இல்லாதவர்கள் பிளாஸ்டிக் தாளை வெட்டுமுகத்தின்மேல் டேப்பால் மூடி ஒட்டி இரவு முழுக்க விடுங்கள். காலையில் உட்பக்கம் முத்து முத்தாக நீர் இருந்தால் இன்னும் காத்திருக்க வேண்டியதுதான். சில தளங்கள் நான்கு நாளில் காயும், சில மூன்று வாரம் கேட்கும்.

புதிய கோரை உட்காரவைப்பது

முதலில் எபோக்சி இல்லாமல் எல்லாத் துண்டுகளையும் அடுக்கிப் பாருங்கள். இடைவெளி 2, 3 மி.மீ. இருக்கட்டும், கூழ் நிரம்ப இடம் வேண்டும். துண்டுகளுக்கு எண் போடுங்கள். நடுவே வளைவு இருந்தால், குறுக்கே கீறல் போட்ட பால்சாவைக் கீறல் மேல்நோக்கி விரியும்படி வையுங்கள். கீழ்நோக்கி இருந்தால் அந்தப் பிளவுகளை நிரப்பவே முடியாது, நாளைக்கு அவை தண்ணீர் ஓடும் கால்வாய். பிளைவுட் என்றால் 30 செ.மீ. சதுரங்களுக்குமேல் வேண்டாம். கீழ் ஓட்டில் போட்ட சோதனைத் துளைகளை உள்ளிருந்து டேப் ஒட்டி மூட மறந்தால் படுக்கை மெத்தையில் ரெசின் இருக்கும்.

வேலையை மாலையில், வெப்பம் இறங்கும் நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் வெயில் ஏற ஏறக் கட்டைக்குள் இருக்கும் காற்று விரிந்து ரெசினில் குமிழி குமிழியாக வெளியே வரும். வெப்பம் இறங்கும்போது கட்டை ரெசினை உள்ளே இழுத்துக்கொள்ளும். 10 டிகிரி ஏறினால் எபோக்சி இறுகும் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும். அதனால் வெப்பமான நாளில் மெதுவான ஹார்டனர் (ரெசினை இறுகவைக்கும் இரண்டாம் பாகம்)தான். ஒரு தடவைக்கு 300 கிராமுக்குமேல் கலக்காமல், கலந்ததும் அகலமான தட்டில் ஊற்றிவிடுங்கள். குவளையிலேயே விட்டால் தானே சூடேறிப் புகையும்.

ரெசின்–ஹார்டனர் விகிதத்தில் கைக்கணக்கு கூடாது. வெஸ்ட் சிஸ்டம் 105 ரெசினும் 205 ஹார்டனரும் கன அளவில் 5:1. வேறு தயாரிப்புகளில் 2:1 உண்டு. சில தயாரிப்புகளில் எடை விகிதமும் கன அளவு விகிதமும் வேறுபடும், அதை டப்பாவில் பார்த்துக்கொள்ளுங்கள். ஹார்டனர் கூடுதலாக ஊற்றினால் சீக்கிரம் இறுகும் என்பது பாலியெஸ்டர் பழக்கம். எபோக்சியில் அது கடைசிவரை பிசுபிசுப்பாக நிற்கும், சுரண்டி எடுப்பதைத் தவிர வழியில்லை. இரண்டு நிமிடம், பக்கச்சுவரையும் அடியையும் வழித்து வழித்துக் கலக்குங்கள்.

கலந்த சுத்த ரெசினைக் கீழ் ஓட்டில் உருளையால் தடவுங்கள். பால்சாவின் இரு முகங்களிலும் நான்கு விளிம்புகளிலும் தடவுங்கள். பத்து நிமிடத்தில் பால்சா குடித்து முடித்துத் திட்டுத்திட்டாக உலர்ந்து தெரியும். அங்கே மறுபடி தடவுங்கள். இதைத் தவிர்த்தால் அடுத்து வைக்கும் கூழிலிருந்து கட்டை ரெசினை உறிஞ்சி, ஒட்டை வறட்டிவிடும். பார்த்தால் ஒட்டியிருக்கும், உதைத்தால் பெயர்ந்துவரும்.

அடுத்து, ரெசினில் கொலாய்டல் சிலிக்கா சேர்த்து, குச்சியில் எடுத்துச் சாய்த்தால் மெல்லத் தொய்யும், ஆனால் வழிந்து ஓடாத பதத்துக்குக் கொண்டுவாருங்கள். பல்கரண்டியால் கீழ் ஓட்டில் பரப்பி, கோர்த் துண்டை ஓர் ஓரத்திலிருந்து சாய்த்து இறக்கி, லேசாக முன்னும் பின்னும் அசைத்து அழுத்துங்கள். நாலாபக்கமும் கூழ் பிதுங்கி மேலே வர வேண்டும். பிதுங்காத பக்கத்தில் உள்ளே காற்று இருக்கிறது. துண்டைத் தூக்கி இன்னும் கூழ் வைத்து இறக்குங்கள். தூக்கச் சோம்பல்பட்டால் அந்த இடம் பிறகு ‘தொப்’ என்றுதான் ஒலிக்கும். இடைவெளிகளையும் விளிம்பு ஓட்டின் அடியில் குடைந்த பள்ளத்தையும் இன்னும் கெட்டியான கூழால் நிரப்புங்கள்.

மேலே பிளாஸ்டிக் தாள், அதன்மேல் பலகை, அதன்மேல் மணல் மூட்டையோ தண்ணீர்க் கேனோ, சதுர மீட்டருக்கு 100 கிலோ அளவில் சீராகப் பரப்பி வையுங்கள். கீழே முட்டு அசையாமல் இருக்கிறதா என்று ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள். மறுநாள் எடுத்து, சுத்தியலால் தட்டிப் பாருங்கள். குழி ஒலி வரும் இடத்தில் 3 மி.மீ. துளைகள் இரண்டு போட்டு, ஒன்றில் ஊசியால் எபோக்சி செலுத்தி, மற்றதில் வெளிவரும்வரை விடுங்கள். ஊசிக்கு உரிய இடம் இதுதான்.

மேல் ஓடு: பழையதா, புதியதா

வழுக்காப் பரப்பு நன்றாக இருந்தால் பழைய ஓட்டையே ஒட்டலாம். அடிமுகத்தைப் பசை போகத் தேய்த்து, கோரை ஒட்டிய அதே முறையில் ரெசின், கூழ், எடை. ஓட்டில் 15 செ.மீ.க்கு ஒன்றாக 3 மி.மீ. துளைகள் போட்டால் சிக்கிய காற்று வெளியேறும், கூழ் எட்டிப் பார்த்தால் உள்ளே நிரம்பிவிட்டது என்று தெரியும்.

இணைப்பில்தான் பலம். வெட்டின் இரு பக்கமும் ஓட்டின் கனத்துக்குப் 12 மடங்கு தூரம் சரிவாகச் சீவ வேண்டும். 4 மி.மீ. ஓடு என்றால் ஒரு பக்கம் 48 மி.மீ., ஆக மொத்தம் கிட்டத்தட்ட 10 செ.மீ. அகலப் பள்ளம். வெறும் கூழை வெட்டில் அப்பி மூடினால் முதல் பருவத்திலேயே கோடாக வெடிக்கும். பள்ளத்தில் 1708 துணியை 100, 70, 40 மி.மீ. அகலத்தில் மூன்று பட்டைகள், அகலமானது முதலில். துணியின் நறுக்கிய இழை ஒட்டிய பக்கம் கீழே. உருளையால் அழுத்திக் காற்றை ஓரத்துக்குத் தள்ளுங்கள். வெண்மையாகத் தெரிந்தால் வறட்சி, பளபளவென்று மிதந்தால் ரெசின் அதிகம். மேலே பீல் பிளை போட்டு இறுகவிடுங்கள்.

ஓடு உடைந்தோ வளைந்தோ இருந்தால் கோரின்மேல் 1708 மூன்று அடுக்கு, துணி இணைப்புகள் ஒன்றன்மேல் ஒன்று வராமல் 5 செ.மீ. தள்ளி வைத்துக் கட்டுங்கள். மூன்றையும் ஒரே நாளில், முந்தைய அடுக்கு இன்னும் பிசுக்கென்று இருக்கும்போதே போட்டால் இடையில் தேய்க்கும் வேலை மிச்சம்.

சமன், பெயின்ட்

பீல் பிளை போடாத இடங்களில் எபோக்சி இறுகியதும் மெழுகு மாதிரி ஒரு படலம் வரும். அதை முதலில் தண்ணீரும் உரசும் பஞ்சும் வைத்துக் கழுவுங்கள்; தேய்த்தால் போகாது, உள்ளே இறங்கும். மைக்ரோபலூன் கூழால் பள்ளங்களை நிரப்பி, நீளமான பலகையில் 80 எண் தாள் ஒட்டித் தேய்த்தால் அலை இல்லாமல் வரும். பிறகு சுத்த எபோக்சி இரண்டு பூச்சு, எபோக்சி பிரைமர், இருபாகப் பாலியூரித்தேன் பெயின்ட். வெயில் எபோக்சியைத் தின்றுவிடும், மூடாமல் விடவே கூடாது. எபோக்சியின்மேல் பாலியெஸ்டர் ஜெல்கோட் (படகு கட்டும்போதே வரும் வண்ண மேல்பூச்சு) நம்பகமாகப் பிடிக்காது, அந்த ஆசையை விட்டுவிடுங்கள். நிறம் வெளிராகவே இருக்கட்டும். கறுத்த நிறத் தளம் உச்சி வெயிலில் 60 டிகிரியைத் தாண்டும், அந்தச் சூட்டில் சாதாரண எபோக்சி இளகத் தொடங்கும். வழுக்காமைக்கு, ஈரப் பெயின்டில் வழுக்காத்துகளைத் தாராளமாகத் தூவி, காய்ந்தபின் உதிரியைப் பெருக்கி, மேலே இன்னொரு பூச்சு.

துளைகள்

இனி எந்த போல்டும் கோரைத் தொடக்கூடாது. 8 மி.மீ. போல்ட் போகும் இடத்தில் மேலிருந்து 16 மி.மீ. பிட்டால் மேல் ஓட்டையும் கோரையும் துளைத்து, கீழ் ஓட்டில் நிறுத்துங்கள். வளைந்த ஆணியை டிரில்லில் மாட்டிச் சுழற்றினால் இரண்டு ஓடுகளுக்கும் நடுவே கோர் இன்னும் 10 மி.மீ. குடைந்து வரும். தூசியை உறிஞ்சி எடுத்து, சுவரில் சுத்த ரெசின் தடவி, கெட்டிக் கூழால் அடியிலிருந்து மேலே நிரப்புங்கள். இறுகியபின் நடுவில் 8 மி.மீ. துளை. இப்போது போல்டைச் சுற்றி முழுக்க எபோக்சி. சீலன்ட் ஒருநாள் தோற்றாலும் தண்ணீர் நேரே கேபினுக்குள் சொட்டும், கோருக்குள் போகாது. முடுக்கும் அழுத்தத்தையும் அந்த எபோக்சித் தூணே தாங்கும். புதிய தளத்துக்கு மட்டுமல்ல, பழுதில்லாத பகுதியில் இருக்கும் பழைய துளைகளுக்கும் இதையே செய்யுங்கள். அடுத்து மக்கப்போவது அவைதான்.

விஞ்ச், பெரிய கிளீட் ஆகியவற்றின் அடியில் கோரையே முழுவதும் நீக்கி, பிளைவுட்டைவிட ஜி10 வைப்பது மேல். செயின்பிளேட் பிளவைச் சுற்றி எல்லாப் பக்கமும் 25 மி.மீ. கோரை எடுத்து எபோக்சியால் நிரப்ப வேண்டும். தளத்துக்கு அடியில் வெறும் வாஷர் போதாது. சாமானின் அடித்தட்டைவிட எல்லாப் பக்கமும் 25 மி.மீ. பெரிதான, 6 மி.மீ. கனமுள்ள தாங்குதகடு வையுங்கள்.

சீலன்ட் எது? கழற்ற வேண்டிய சாமானுக்கு நிரந்தர ஒட்டுப் பாலியூரித்தேன் வேண்டாம், கழற்றும்போது தளத்தின் மேல்பூச்சையே உரித்துக்கொண்டு வரும். போல்டில் போகும் உலோகச் சாமான்களுக்குப் பியூட்டைல் டேப் (ரப்பர் போன்ற மென்மையான ஒட்டுநாடா) மிக நல்லது. துளையின் மேல்வாயைச் சற்றே சரிவாகச் சீவி, போல்டின் கழுத்தில் பியூட்டைலைச் சுருட்டிவிட்டால் முடுக்கும்போது அது அந்தச் சரிவுக்குள் நிரம்பிக்கொள்ளும். அக்ரிலிக், பாலிகார்பனேட் ஜன்னல் பக்கம் பாலிசல்பைட் சீலன்ட் போகக்கூடாது, பிளாஸ்டிக்கைக் கெடுத்துவிடும்.

முடுக்க இரண்டு பேர் வேண்டும். மேலே இருப்பவர் போல்டின் தலையை அசையாமல் பிடிக்க, கீழே இருப்பவர் நட்டை மட்டும் திருப்ப வேண்டும். போல்ட் சுழன்றால் கழுத்தில் பிடித்த சீலன்ட் அறுந்துவிடும். பியூட்டைலை ஒரே மூச்சில் இறுக்காமல், முதல் நாள் பிதுங்கும்வரை, மறுநாள் கால் சுற்று, பிறகு பிதுங்குவது நிற்கும்வரை தினம் கொஞ்சம்.

எல்லாம் முடிந்ததும் உள்ளே ஒவ்வொரு நட்டைச் சுற்றியும் டிஷ்யூ காகிதம் ஒட்டிவிட்டு, தளத்தில் குழாய்த் தண்ணீரை ஒரு பகுதிக்குப் பத்து நிமிடம் என்று தாழ்ந்த இடத்திலிருந்து மேடு நோக்கி விட்டுக்கொண்டே போங்கள். மேலிருந்து தொடங்கினால் எந்த போல்டில் கசிகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. நனைந்த காகிதம் இருந்தால் அந்தச் சாமானைக் கழற்றிப் புதிதாகப் பியூட்டைல் வையுங்கள். மேலே இன்னும் இறுக்கிப் பார்ப்பது, ஓரத்தில் சீலன்ட் தடவுவது இரண்டும் உதவாது. மழைக்காலம் தொடங்குமுன் இந்தக் குழாய்ச் சோதனையை ஆண்டுக்கு ஒருமுறை ஸ்டான்ஷன்களுக்கும் செயின்பிளேட்டுகளுக்கும் மட்டும் செய்தால் போதும்.